கத்திரி வெயிலும் மூன்று நாய்களும்: வேலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில், மலையடிவாரத்தை ஒட்டிய தெரு ஒன்றில், 69 வயதில் மூன்று நாய்களுடன் தனியாகக் குடியிருக்கிறேன். தொலைபேசி இணைப்பகத்தில் டிரங்க் கால் (வெளியூர் அழைப்பு) இணைத்துத் தரும் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால், தெருவில் இன்றைக்கும் எனக்கு ‘ஆபரேட்டர் அம்மா’ என்றுதான் பெயர். பங்குனி பிறந்துவிட்டால், பால்காரரில் தொடங்கிப் பெங்களூரில் இருக்கும் என் மகள் வரை எல்லாரும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்கு மூச்சு போதவில்லை என்பதால், இந்த முறை உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

உங்கள் வீட்டில் இருப்பவை என்ன சாதி நாய்கள்?

மூத்தவள் செவலை. பெயரே நிறத்தைச் சொல்லிவிடும், கலப்பில்லாத நாட்டு நாய், வயது 12. அடுத்தவன் ஜிம்மி. மாடியில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலி செய்தபோது விட்டுவிட்டுப் போன, பொமேரியன் என்று சொல்லப்படும், வெள்ளைச் சடை நாய். மூன்றாமவன் துரை; கறுப்பு; தெருவில் பிறந்தவன். வீட்டுக்குள் வர மறுத்து வாசற்படியோடு நின்றுகொண்டவன் என்பதால், அவனை என் நாய் என்று சொல்வதை விட என்னை அவனுடைய அம்மா என்று சொல்வது பொருத்தம். மூவருக்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடப்படுகிறது.

இந்த ஊர் வெயிலில் நாய் வளர்ப்பது பாவம் இல்லையா?

‘நீரில்லா ஆறு, மரமில்லா மலை, மன்னனில்லாக் கோட்டை’ என்று எங்கள் ஊரைச் சொல்வார்கள். ‘சாமியில்லாக் கோயில்’ என்றும் முன்பு சேர்த்துச் சொல்வதுண்டு. 1981-இல் கோட்டைக் கோயிலில் ஜலகண்டேசுவரரை மீண்டும் எழுந்தருளச் செய்த பிறகு அந்த ஒன்று மட்டும் பொய்யாகிவிட்டது. மற்ற மூன்றும் இன்றைக்கும் மெய்தான். பாலாறு பெரும்பாலான நாட்கள் மணலாகக் கிடக்கிறது. கடற்காற்று இவ்வளவு உள்ளே எட்டுவதில்லை. ஊரைச் சுற்றியிருக்கும் மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தருகின்றன. மே 4-ஆம் தேதி வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கியதும், செய்தித்தாளில் ‘வேலூரில் 106 டிகிரி’, ‘108 டிகிரி’ என்று பாரன்ஹீட்டில் கொட்டை எழுத்தில் போடுவது ஆண்டுதோறும் நடப்பது.

ஆனால் நாட்டு நாய் இந்த மண்ணின் உயிர். குட்டை மயிர், ஒல்லி உடம்பு, நீண்ட மூக்கு ஆகியவை எல்லாம் சூட்டைக் கழிக்க உதவுபவை. நிழலையும் நீரையும் அதற்கு மறுக்காமல் இருந்தால் போதும். பனிப் பிரதேசத்து ஹஸ்கியையும், மூச்சு விடவே திணறும், சப்பை மூக்குள்ள ‘பக்’ நாயையும் விலை கொடுத்து வாங்கி வந்து காட்பாடியிலும் வேலூரிலும் சங்கிலியில் கட்டி வைப்பவர்களிடம்தான் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

கோடையில் உங்கள் அன்றாடம் எப்படி நடக்கிறது?

நாயின் உடம்பு வேர்ப்பதில்லை. உள்ளங்கால்களில் மட்டும் சிறிது கசிவு உண்டு. மற்றபடி வாயைத் திறந்து இரைத்துத்தான் அது சூட்டை வெளியேற்ற வேண்டும். முதியவர்களுக்கும் வேர்வை குறைகிறது. அதைவிட மோசமாக, தாகம் எடுப்பதே தெரியாமல் போகிறது. ஆகவே நாய்க்கு என்று நான் வகுத்த நேரக் கணக்கு எனக்கும் சரியாகப் பொருந்திவிட்டது. இப்போது யாருக்காக எதைச் செய்கிறேன் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

இரவுப் பணி பார்த்துப் பழகிய உடம்பு என்பதால் 4.30-க்கு எழுவது எனக்குச் சிரமம் இல்லை. 4.50-க்குக் கதவைத் திறந்தால் துரை எழுந்து சோம்பல் முறிப்பான். மே மாதத்தில் ஏறக்குறைய 5.45-க்குச் சூரியன் எழுந்துவிடும். அதற்குள் நெடுஞ்சாலையை ஒட்டிய சர்வீஸ் சாலை வரை சென்று திரும்பிவிடுகிறோம். வாரைக் கையில் சுற்றிக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிட்டேன். ஜிம்மி எட்டு கிலோதான் என்றாலும், ஓர் அணிலைக் கண்டு அவன் இழுத்த இழுப்பில் ஒருமுறை முழங்கால் தேய விழுந்தேன். அன்று முதல் வாரின் வளையத்தைப் பிடித்துக்கொள்வதோடு சரி, இழுத்தால் விட்டுவிடலாம்.

திரும்பி வந்த பிறகுதான் வாசல் தெளிப்பது. அதிலும் ஒரு வழக்கு உண்டு. நான் தெளித்துப் பெருக்கிக் கோலப்பொடிக் கிண்ணத்தை எடுத்து வருவதற்குள், துரை ஈரத்தில் நான்கு கால்களையும் பரப்பி வயிற்றைத் தரையில் ஒட்டிப் படுத்துவிடுவான். விரட்டினால் கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வான். இரண்டு ஆண்டு சண்டைக்குப் பிறகு வாசலை அவனும் நானும் பாகம் பிரித்துக்கொண்டோம். வலப்பக்கம் கோலம், இடப்பக்கம் துரை. மார்கழிக்குப் போடும் பெரிய கோலத்தை இப்போது போட முடியாது; ஐந்து புள்ளிக் கோலம்தான்.

8.30-க்கு எல்லாச் சன்னல்களையும் அடைத்துவிடுவேன். வெளிக்காற்று உள்காற்றை விடச் சூடாக இருக்கும்போது சன்னலைத் திறந்து வைப்பது அடுப்பைத் திறந்து வைப்பதற்குச் சமம். 11-லிருந்து 4 மணி வரை இந்த வீட்டில் யாரும் வெளியே போவதில்லை. வங்கி வேலை, மருந்துக்கடை எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். செவலை சமையலறையின் கடப்பாக்கல் தரையிலும், ஜிம்மி குளியலறை வாசலிலும் கிடப்பார்கள். நானும் கட்டிலை விட்டுப் பாயை எடுத்துத் தரைக்கு வந்துவிடுவேன். வீட்டில் குளிர்ந்த இடம் எது என்று தேடி அலைய வேண்டியதில்லை. செவலை படுத்திருக்கும் இடத்துக்குப் பக்கத்து இடம்தான் அது.

மாலை நடைக்குப் பலரும் 5 மணிக்கே கிளம்புகிறார்கள். வெயில் இறங்கினாலும் தாரின் சூடு இறங்குவதில்லை. புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு எண்ணும் வரை பொறுக்க முடிந்தால்தான் நாயின் பாதமும் பொறுக்கும். என் கணக்கில் அது பெரும்பாலும் 7 மணிக்குப் பிறகுதான்.

தண்ணீர் எவ்வளவு, எந்தப் பாத்திரத்தில் வைக்க வேண்டும்?

எடையில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 மில்லி என்பது பொதுக் கணக்கு. பதினெட்டுக் கிலோ இருக்கும் செவலைக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர். கோடையில் அதற்கு மேலும் ஆகும். அளந்து ஊற்றுவதை விட, வைத்த தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பது முக்கியம். ஒரு நாள் திடீரெனக் குறையாமல் அப்படியே இருந்தால் நாய்க்கு உடம்பு சரியில்லை. அளவுக்கு மீறிக் குறைந்துகொண்டே போனால் அதற்கும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பாத்திரத்தைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. முதல் கோடையில் துரைக்காக வாசலில் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்திருந்தேன். பகல் 12 மணிக்கு அவன் அதன் முன் நின்று, மூக்கை நீட்டி, பின்வாங்கி, மறுபடி நீட்டுவதைச் சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்து, ‘என்ன திமிர் இவனுக்கு’ என்று நினைத்தேன். கையை விட்டுப் பார்த்தபோதுதான் அது காபிச் சூட்டில் இருப்பது தெரிந்தது. நிழல் நகர்ந்துவிடும் என்பதை நான் யோசித்திருக்கவில்லை.

அன்றிலிருந்து மண் சட்டிதான். காட்பாடிக்கு அருகில் உள்ள கரிகிரி, மண்பாண்டத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே செய்யப்படும், நீலமும் பச்சையுமாக மெருகு பூசிய சாடிகள் பார்க்க அழகானவை. எங்கள் வீட்டிலும் இரண்டு இருக்கின்றன. ஆனால் தண்ணீரைக் குளிர வைப்பது மெருகு பூசாத சாதாரணச் சட்டிதான். அதன் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் சூட்டையும் கொண்டுபோகிறது. மெருகு அந்தத் துளைகளை அடைத்துவிடும். புதுச் சட்டியை ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். அகலமும் அடிக்கனமும் உள்ளதாக இருந்தால் நாய் கவிழ்க்காது.

சட்டியில் ஊற்றும்போதெல்லாம் நானும் ஒரு டம்ளர் குடிக்கிறேன். நீரைப் பிரிக்கும் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் கோடையில் எவ்வளவு குடிக்கலாம் என்பதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். எனக்கு அப்படிக் கேட்ட பிறகு மாத்திரையின் அளவே மாறியது.

என்ன சாப்பாடு போடுகிறீர்கள்? கூழ் கொடுக்கலாமா?

விடியற்காலை நடை முடிந்ததும் ஒரு வேளை, இரவு 8 மணிக்கு மறு வேளை. பகலில் சாப்பாடு கிடையாது, நாய்களும் கேட்பதில்லை. சோற்றோடு வேகவைத்த கோழியோ முட்டையோ, பூசணி, கேரட், சிறிது தயிர். கோடையில் அளவு தானாகவே குறைகிறது. அதற்காகப் பதறிப் பிஸ்கட் கொடுப்பதுதான் தவறு.

கூழ் விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் வடஆற்காட்டுப் பக்கத்தில் கோடை என்றால் கேழ்வரகுக் கூழ். பேச்சில் ‘கேவுரு’ என்போம். மாரியம்மனுக்கும் கெங்கையம்மனுக்கும் கூழ் வார்த்த அன்று குடம் குடமாக மிஞ்சும். அதை அப்படியே தெரு நாய்க்கு ஊற்றுவது புண்ணியம் என்று நினைக்கிறார்கள். கூழில் தவறில்லை. அதில் நறுக்கிப் போடும் சின்ன வெங்காயத்தில்தான் வினை இருக்கிறது. வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கிறது. பச்சையானாலும் வதக்கியதானாலும் வேறுபாடு இல்லை. உடனே தெரியாது; சில நாட்கள் கழித்து ஈறு வெளுத்து, நாய் சோர்ந்து படுக்கும்போது யாரும் கூழை நினைக்கப் போவதில்லை. ஆகவே உப்பும் வெங்காயமும் சேர்ப்பதற்கு முன்பே ஒரு சொம்பு தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். நான் எங்கள் தெருக் கோயிலில் ஆண்டுதோறும் இதைச் சொல்லி, அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் வாளியையும் கொடுத்து வைத்திருக்கிறேன்.

பாயசத்தில் உள்ள உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஆம்பூர் பிரியாணியின் எலும்பு உட்பட, வேக வைத்த எலும்பு எதுவும் கூடாது. வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். மாம்பழச் சதை கொடுக்கலாம், கொட்டை குடலை அடைத்துக்கொள்ளும். விதை நீக்கிய தர்பூசணி ஜிம்மிக்கு உயிர்.

சடை நாய்க்கு மொட்டை அடித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்குமே?

இருக்காது. அந்தச் சடை வெயிலையும் தடுக்கிறது. ஒட்ட மழித்தால் தோல் வெந்துபோவதும், மயிர் திரும்பச் சீராக முளைக்காமல் போவதும் உண்டு. உதிரும் உள்மயிரைத் தினமும் சீப்பால் வாரி எடுத்தால் போதும்.

வெயில் தாக்கியதை எப்படித் தெரிந்துகொள்வது? உடனே என்ன செய்ய வேண்டும்?

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சித்ரா பௌர்ணமிக்கு வேலூரில் புஷ்பப் பல்லக்கு ஊர்வலம் வரும். வாணவேடிக்கைச் சத்தம் ஜிம்மிக்கு ஆகாது. ஒரு வருடம் அவனைச் சிறிய பூசையறையில் விட்டு, சத்தம் கேட்காதபடி சன்னலையும் கதவையும் அடைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டுப் பல்லக்குப் பார்க்கப் போனேன். நான் போன சிறிது நேரத்தில் மின்சாரம் போயிருக்கிறது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்பிக் கதவைத் திறந்தபோது உள்ளே அனலடித்தது. பயத்தில் இரைத்தது, சூட்டில் இரைத்தது, கதவைப் பிறாண்டியது எல்லாம் சேர்ந்து, நாக்கு செங்கல் நிறத்தில் தொங்க, கயிறு கயிறாக எச்சில் வடிய, பின்னங்கால்கள் பின்னிக்கொள்ள அவன் நின்ற கோலம் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

பதற்றத்தில் குளிர்பெட்டியிலிருந்த ஐஸ் முழுவதையும் துணியில் கட்டி அவன் மேல் வைத்துவிட்டேன். ஆட்டோவில் கொண்டுபோனபோது கால்நடை மருத்துவர் வெப்பமானியை வைத்துப் பார்த்து 106 என்றார். நாயின் இயல்பான வெப்பமே 101-லிருந்து 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். 105-ஐத் தாண்டினால் ஆபத்து, அதற்கு மேல் உள்ளுறுப்புகள் கெடத் தொடங்கும். ஐஸ் வைத்ததற்காக அவர் என்னைக் கடிந்துகொண்டார். ஐஸ் பட்ட இடத்தில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொண்டால் உள்சூடு வெளியேற வழி குறையும் என்று விளக்கினார். குழாய்த் தண்ணீரே போதுமானது. நிழலுக்குக் கொண்டுவந்து, வயிறு, தொடை இடுக்கு, உள்ளங்கால் என்று தொடர்ந்து தண்ணீரை ஊற்றி, மேலே காற்று படும்படி விசிற வேண்டும். வேர்க்காத உடம்பில் வெறும் விசிறிக் காற்றால் பயன் குறைவு. நனைந்த உடம்பில்தான் அது வேலை செய்யும். ஈரத் துண்டால் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது; துண்டு சூடேறிப் போர்வையாகிவிடும். நினைவு தப்பிய நாயின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், ஏனெனில் சிறுநீரகப் பாதிப்பு மறுநாள்கூட வெளிப்படலாம்.

ஜிம்மி பிழைத்தான். அதன் பிறகு நான் பல்லக்குப் பார்க்கப் போவதில்லை. கெங்கையம்மன் திருவிழா வேட்டுக்கும் இதே ஏற்பாடுதான்: கூடத்துக் கதவு திறந்திருக்கும், வானொலி சத்தமாகப் பாடும், நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

உண்ணித் தொல்லைக்கு என்ன செய்கிறீர்கள்?

நாயின் மேல் நீங்கள் காணும் உண்ணி மொத்தத்தில் ஒரு சிறு பகுதிதான். மிச்சம் சுவர் வெடிப்பிலும், கதவு நிலை இடுக்கிலும், நாய் படுக்கும் சாக்கின் மடிப்பிலும் இருக்கிறது. இரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து சுவரேறி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெயில் காலத்தில் இந்தச் சுழற்சி வேகமாக நடக்கும். எனவே நாயைக் குளிப்பாட்டுவதோடு நிறுத்தினால் பயன் இல்லை. நான் பங்குனியிலேயே சுவர் வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறேன். சாக்குகளை வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்கி வெயிலில் போடுகிறேன். இந்த ஒரு வேலைக்காவது வேலூர் வெயில் உதவுகிறதே என்று அப்போது தோன்றும்.

உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்பு வைப்பது, விரலால் நசுக்குவது ஆகிய மூன்றும் கூடாது. இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும். மாதத்துக்கு ஒன்றோ மூன்று மாதத்துக்கு ஒன்றோ கொடுக்கும் மாத்திரைகள் இப்போது கிடைக்கின்றன. எடையைச் சொல்லி மருத்துவரிடம்தான் வாங்க வேண்டும். நாய் சாப்பிடாமல், காய்ச்சலோடு, மூக்கில் இரத்தம் வடியக் கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை வேண்டும்.

தெரு நாய்களுக்கும் ஏன் தண்ணீர் வைக்கிறீர்கள்? கடித்தால் யார் பொறுப்பு?

எதிர் வீட்டார் இதைக் கோபமாகவே கேட்டார். பேரக்குழந்தைகள் உள்ள வீடு என்பதால் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தொட்டியை அவர் வாசலுக்கு எதிரிலிருந்து வேப்பமரத்தடிக்கு நகர்த்தினேன். கொசு வளரும் என்றார். டெங்குக் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும் என்பதால், தினமும் கொட்டித் தேய்த்துவிட்டு நிரப்புகிறேன். துரைக்கும் தெருவில் உள்ள இன்னும் நான்கு நாய்களுக்கும் கருத்தடை செய்யப்பட்டிருக்கிறது. காது நுனியில் வெட்டு இருப்பதே அதன் அடையாளம். 2023-ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடத்துக்கும் மாடிப்படிக்கும் அருகில் உணவிடக் கூடாது என்பதையும் அதே விதிகள் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

எந்த நாய் கடித்தாலும், என் நாயே ஆனாலும், புண்ணை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களிலும், ஒவ்வொரு முறையும் இரண்டு இடங்களில் ஊசி போடுவார்கள். இரத்தம் வரும் கடியானால் புண்ணிலேயே போடும் மருந்தும் உண்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் வைத்துக் காலம் கடத்த வேண்டாம்.

மலையடிவாரத்தில் பாம்பு வராதா?

வரும். தண்ணீருக்கும் குளிர்ச்சிக்கும் அதுவும் வீடு தேடுகிறது. ஆபரேட்டர் வேலையில் குரலை வைத்தே ஊரைச் சொல்லிப் பழகிய காதுக்குச் செவலையின் குரைப்பு வேறுபாடு தெரியும்: பூனைக்கு ஓடிக்கொண்டே குரைப்பாள், பாம்புக்கு ஓரிடத்தில் நின்று, பின்வாங்கிப் பின்வாங்கிக் குரைப்பாள். அந்தக் குரல் கேட்டால் முதலில் நாய்களை உள்ளே அழைத்துக் கதவை அடைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் சொல்வேன்.

ஏசி போட்டுவிடலாமே?

படுக்கையறையில் இருக்கிறது. மின்சாரம் இருந்தால் ஓடுகிறது.

தனியாக ஏன் கஷ்டப்பட வேண்டும்? பெங்களூருக்குப் போய் மகளோடு இருக்கலாமே? உங்களுக்கு ஏதேனும் ஆனால் நாய்கள் என்ன ஆகும்?

மகள் ஒவ்வொரு ஏப்ரலிலும் அழைக்கிறாள். அவள் இருப்பது அடுக்குமாடியின் ஏழாவது தளம். ஜிம்மி சமாளிப்பான், 12 வயதுச் செவலைக்கு அது முடியாது, துரையை அழைத்துப் போகும் பேச்சுக்கே இடமில்லை. ஆகவே குளிர்காலத்தில் மூன்று நாட்கள் போய் வருகிறேன்.

கடைசிக் கேள்விக்குச் செண்டிமெண்ட் இல்லாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதால் ஏற்பாடுகள் செய்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கிறது. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கும் தாளில் மருத்துவரின் எண், நாய்களின் எடை, தடுப்பூசித் தேதி, யாருக்கு என்ன மாத்திரை என்பது முதல் என் இரத்த வகை வரை எழுதியிருக்கிறது. மூன்று நாய்களுக்கும் இரண்டு மாதச் செலவுக்கான பணம் தனி உறையில் இருக்கிறது. 6 மணிக்குள் வாசல் தெளிக்கப்படாவிட்டால் கதவைத் தட்ட வேண்டும் என்று பால்காரரிடம் சொல்லியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அசதியில் தூங்கிவிட்டேன். அவர் தட்டினார், துரையும் குரைத்தான், எதிர் வீட்டாரும் வந்து நின்றார். மூவருக்கும் காபி கொடுக்க வேண்டியதாயிற்று; துரைக்கு மட்டும் பால்.

கோடை முடிந்துவிட்டது என்று எப்போது முடிவு செய்வீர்கள்?

அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிவதாகப் பஞ்சாங்கம் சொல்கிறது. அதை நம்பிச் சன்னலைத் திறந்தவர்கள் ஜூனிலும் விசிறிக்கொண்டிருப்பார்கள். இடையில் இடியோடு பெய்யும் ஒரு கோடை மழையையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. மறுநாள் புழுக்கம் இரட்டிப்பாகிவிடும். கோடை முழுவதும் செவலை இரவில் கொல்லைப்புறத்துத் துவைக்கும் கல்லின் மேல்தான் படுப்பாள். நான் தூங்கப் போகுமுன் அதில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவேன். ஆடியில் ஏதோ ஓர் இரவு, ஊற்றிய தண்ணீர் காயாமல் கல் அப்படியே கிடக்க, அவள் திண்ணையில் உள்ள சாக்கை முன்னங்காலால் இரண்டு முறை புரட்டிப் போட்டுச் சுருண்டு படுத்துக்கொள்வாள். மறுநாள் காலை நான் 5.15-க்கு எழுகிறேன்.